ஆளுக்கு ஆள் ரத்தம் வேறு!
(கார்ல் லாண்ட்ஸ்டைனர் வாழ்க்கை வரலாறு)



நம்ம கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்க. பெயர், பிரிவு, அப்பா பெயர், முகவரி எல்லாத்துக்கும் கீழே ஒரு சின்ன வரி இருக்கும். ரத்த வகை: ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், ஏபி நெகட்டிவ்... முதலாண்டு சேரும்போது படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பத் தெரியாமல், அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி விரலில் குத்தி எழுதி வாங்கி வந்தவர்கள் நம்மில் பாதிப் பேர் இருப்போம். அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார்.

நியூட்டன், எடிசன், ஐன்ஸ்டைன் என்று எல்லோரைப் பற்றியும் மலர்களில் எழுதியாகிவிட்டது. நான் எடுத்துக்கொண்டது கார்ல் லாண்ட்ஸ்டைனர். படிப்பது கம்ப்யூட்டர் பிரிவு, டாக்டரைப் பத்தி உனக்கு என்ன எழுத்து என்று விடுதியில் கிண்டல் பண்ணினார்கள். காரணம் இருக்கு. போகப்போகத் தெரியும்.

முதலில் அவருக்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1667-ல் பாரிஸில் ஜான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றினார். ஒன்றிரண்டு பேர் எப்படியோ தப்பிவிட்டார்கள். பிறகு ஒருவர் இறந்தார், வழக்கு நடந்தது, கடைசியில் பிரான்சில் அந்த வேலைக்கே தடை வந்துவிட்டது. 1818-ல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல், மனிதனுக்கு மனித ரத்தம்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, மனிதரிடமிருந்து எடுத்து மனிதருக்கே ஏற்றினார். பிரசவத்தில் ரத்தம் போய் சாகக் கிடந்த பெண்களில் சிலர் கண் திறந்தார்கள், சிலர் செத்தே போனார்கள். ஒரே டாக்டர், ஒரே ஊசி, ஒரே முறை! ஒருத்திக்கு அமுதம், இன்னொருத்திக்கு நஞ்சு. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. விதி என்று விட்டுவிட்டார்கள்.

லாண்ட்ஸ்டைனர் 1868 ஜூன் 14-ல் ஆஸ்திரியா நாட்டில் வியன்னா பக்கம் பிறந்தார். அப்பா லியோபோல்ட் ஒரு பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதன்பின் எல்லாமே அம்மா ஃபானிதான். அவர் இருக்கும் வரைக்கும் மகன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. 1908-ல் அம்மா இறந்தபோது அவர் முகத்தை அச்சு எடுத்து ஒரு முகவார்ப்பு செய்து சுவரில் மாட்டினார் லாண்ட்ஸ்டைனர். தான் சாகும்வரை அதை எடுக்கவில்லை. கேட்க ஒரு மாதிரி இருக்கலாம். அப்பா இல்லாமல் அம்மாவின் உழைப்பில் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

1891-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கியவர் கிளினிக் திறந்து சம்பாதிக்கப் போகவில்லை. மறுபடியும் மாணவராக வேதியியல் படிக்கக் கிளம்பிவிட்டார்! ஜூரிச், வூர்ஸ்பர்க், மியூனிக் என்று மூன்று ஊர், மூன்று பெரிய பேராசிரியர்கள். அதில் வூர்ஸ்பர்க்கில் இருந்தவர் எமில் ஃபிஷர், பின்னால் நோபல் பரிசு வாங்கியவர். உடம்பில் நடப்பது எல்லாமே கடைசியில் வேதியியல்தான் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் ஊறியது. 1896-ல் வியன்னா திரும்பி சுகாதார ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். 1898-லிருந்து நோய்க்கூறு உடற்கூறியல் துறை. அதாவது பிணப் பரிசோதனை. பத்து வருஷத்தில் 3,600-க்கும் மேல் உடல்களை அறுத்துப் பார்த்திருக்கிறார்.

பகலெல்லாம் செத்தவர்களோடு வேலை. மிச்ச நேரத்தில்தான் அவர் உயிரோடு இருப்பவர்களின் ரத்தத்தைப் பார்த்தார். 1900-ல் எழுதிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு விஷயம் போட்டார்: ஒருவர் ரத்தத்தின் தெளிநீரை, அதாவது சீரத்தை, இன்னொருவரின் சிவப்பு அணுக்களோடு கலந்தால் சில சமயம் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரிகின்றன. இதை வேறு சிலரும் பார்த்திருந்தார்கள். ஆனால் நோயாளியின் ரத்தம், நோயினால் திரிகிறது என்று நினைத்துவிட்டார்கள். லாண்ட்ஸ்டைனர்தான் ஆரோக்கியமான ஆட்களிடம் பார்த்தால் என்ன என்று கேட்டார்.

ஆளுக்கு எங்கே போவது? லேபில் இருந்தவர்களையே பிடித்தார். அவரும் கூட வேலை பார்த்த ஐந்து பேரும், மொத்தம் ஆறு பேர். ஆறு பேர் ரத்தத்தையும் எடுத்து, சீரம் தனி, சிவப்பு அணு தனி என்று பிரித்தார். அணுக்களை உப்புக் கரைசலில் கலந்தார். ஒவ்வொருவர் சீரத்தையும் ஒவ்வொருவர் அணுக்களோடும் சேர்த்தார். ஆறு வரிசை, ஆறு பத்தி, முப்பத்தாறு கட்டம். திரிந்தால் கூட்டல் குறி, திரியாவிட்டால் கழித்தல் குறி. அவ்வளவுதான் பரிசோதனை! நம்ம லேபில் ரெக்கார்டு நோட்டில் போடும் அட்டவணை மாதிரியேதான். கோடி ரூபாய் மெஷின் எதுவும் இல்லை.

அந்த அட்டவணையை உற்றுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தன் சீரம் தன் அணுவைத் திரிப்பதே இல்லை. இரண்டு பேர் ஒரு கூட்டம். இன்னும் இரண்டு பேர் வேறு கூட்டம். இந்தக் கூட்டத்தின் சீரம் அந்தக் கூட்டத்தின் அணுவைத் திரிக்கும், அந்தக் கூட்டத்தின் சீரம் இந்தக் கூட்டத்தின் அணுவைத் திரிக்கும். மிச்சம் இரண்டு பேர் விசித்திரம். அவர்கள் அணுவை யாராலும் திரிக்க முடியவில்லை, ஆனால் அவர்கள் சீரம் மற்ற நாலு பேர் அணுவையும் திரித்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர் லாண்ட்ஸ்டைனரேதான்! ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். அந்த சி-தான் பின்னாளில் ஓ ஆனது. ஏ அணுவின் மேல் ஒரு வகைப் பொருள், பி அணுவின் மேல் வேறொரு வகைப் பொருள், ஓ-வில் இரண்டும் இல்லை. தன்னிடம் இல்லாத பொருளை எதிர்க்கும் சரக்கு அவரவர் சீரத்தில் இருக்கும். பிளண்டெல் ரத்தம் ஏற்றிய பெண்களில் சிலர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு 80 வருஷம் கழித்துப் பதில் வந்தது. 1901 நவம்பரில் இந்தக் கட்டுரை வெளியானது.

இங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. எங்க பிரிவில் மெஷின் லேர்னிங் பாடத்தில் கிளஸ்டரிங் என்று ஒன்று உண்டு. யார் எந்தக் கூட்டம் என்று முன்கூட்டியே சொல்லாமல், வெறும் எண்களை மட்டும் கொடுத்து, ஒத்துப்போகிறவர்களைத் தானாகப் பிரிக்கச் சொல்வது. லாண்ட்ஸ்டைனர் செய்தது அச்சு அசல் அதுவேதான். பென்சிலாலும் மூளையாலும் செய்தார். அந்த முறைக்கு எங்க சார் ஒரு எச்சரிக்கையும் சொல்லுவார்: கொடுத்த டேட்டாவில் இல்லாத கூட்டம், விடையிலும் வராது. லாண்ட்ஸ்டைனருக்கும் அதுவே நடந்தது. அந்தக் கட்டுரையில் அவர் பார்த்தது மொத்தம் 22 பேர். நமக்கு இன்றைக்குத் தெரிந்த ஏபி வகை அந்த 22 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஐரோப்பாவில் நூற்றுக்கு நாலைந்து பேருக்குத்தான் அது இருக்கும். 22 பேரில் ஒருவரும் சிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த வருஷமே, 1902-ல், டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி என்ற இருவர் 155 பேரைச் சோதித்தார்கள். 4 பேர் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. நாலாவது வகை கிடைத்தது. இந்த ஸ்டுர்லி யார் தெரியுமா? முதல் அட்டவணையில் இருந்த ஆறு பேரில் ஒருவர்!

கண்டுபிடித்த மறுநாளே உலகம் கொண்டாடவில்லை. 1907-ல்தான் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பெர்க் என்ற டாக்டர் முன்கூட்டியே ரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்து ஏற்றினார். முதல் உலகப் போர் வந்து ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் ரத்தம் கொட்டிய பிறகுதான் முறை பரவியது. அந்தப் போரில் இன்னொன்றும் நடந்தது. லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட், ஹன்னா என்ற போலந்து டாக்டர் தம்பதி கிரேக்க நாட்டின் போர்முனையில் பல தேசத்துச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 8,000 பேருக்கும் மேல். முடிவை 1919-ல் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்களில் ஏ அதிகம், பி மிகவும் குறைவு. இந்தியச் சிப்பாய்களில் தலைகீழ், பி-தான் அதிகம்! யாருடைய போருக்கோ போய் நின்ற நம்ம ஆட்கள் முதல்முதலாக அந்த அட்டவணையில் ஏறியது அப்படித்தான்.

இதற்குள் லாண்ட்ஸ்டைனர் பாடு என்ன ஆச்சு? 1908-ல் வியன்னாவில் வில்ஹெல்மினா மருத்துவமனையில் பிணப் பரிசோதனைத் தலைவர் ஆனார். அதே சமயத்தில் போலியோவில் இறந்த ஒரு குழந்தையின் தண்டுவடத்திலிருந்து எடுத்த பொருளைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அந்த நோய் தொற்றக்கூடியது என்று எர்வின் பாப்பரோடு சேர்ந்து நிரூபித்தார். போலியோ தடுப்பு மருந்துக்கான பாதை அங்கே தொடங்குகிறது. இது ஒன்றே ஒரு ஆளின் வாழ்க்கைக்குப் போதும். 1911-ல் பேராசிரியர் பட்டம் கிடைத்தது, அதற்குரிய சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை. 1916-ல் ஹெலன் விளாஸ்டோவைத் திருமணம் செய்துகொண்டார். மறு வருஷம் ஒரு மகன். போர் முடிந்த வியன்னாவில் சோற்றுக்கும் விறகுக்கும் திண்டாட்டம். ஆராய்ச்சி எங்கே செய்வது! குடும்பத்தோடு ஹாலந்து நாட்டுக்குப் போய், ஹேக் நகரில் ஒரு சின்ன கத்தோலிக்க மருத்துவமனையில் சிறுநீரும் ரத்தமும் சோதித்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். உலகத்துக்கே ரத்த வகை சொன்னவர், ஐம்பது வயசுக்கு மேல்!

1922-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம் அழைத்தது. கடைசி வரை அங்கேதான். 1927-ல் ஃபிலிப் லெவினோடு சேர்ந்து எம், என், பி என்று மேலும் சில ரத்தப் பிரிவுகளைக் கண்டார். இந்த பி பழைய பி இல்லை, ஆங்கிலத்தில் வேறு எழுத்து. குழப்பிக்கொள்ள வேண்டாம். 1930-ல் நோபல் பரிசு. கண்டுபிடித்து 29 வருஷம் கழித்து! பரிசு வாங்கியபோது அவர் ஆற்றிய உரைக்குக் கொடுத்த தலைப்பைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மனித ரத்தத்தில் தனியாளுக்குத் தனியாள் உள்ள வேறுபாடுகள் என்பதே தலைப்பு. நாலு வகையோடு கதை முடியவில்லை, பிரித்துக்கொண்டே போனால் ஆளுக்கு ஆள் ரத்தம் வேறாக இருக்கும் என்பதே அவர் போய்க்கொண்டிருந்த திசை.

இன்றைக்கு அதே திசையில் போவதற்குத்தான் துல்லிய மருத்துவம் என்று பெயர். நோயின் பெயரைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்காமல், இந்த ஆளின் மரபணு என்ன, இவர் உடம்பு மருந்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பார்த்துக் கொடுப்பது. உதாரணம் சொல்றேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். ஈரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றினால்தான் அது வேலை செய்யும். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த நொதி மந்தம். மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் முழுப் பலன் இருக்காது. அப்படிப்பட்ட மரபணு ஐரோப்பியர்களை விட இந்தியர்களிடம் அதிகம். மனிதனின் மரபணுத் தொகுப்பில் 300 கோடி எழுத்து. பென்சிலால் அட்டவணை போட முடியாது. அதனால்தான் செயற்கை நுண்ணறிவு உள்ளே வருகிறது.

ஆனால் செயற்கை நுண்ணறிவுக்கும் அதே 22 பேர் பிரச்சினைதான்! 2018 வரை உலகில் நடந்த மரபணு-நோய்த் தொடர்பு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 78 சதவீதம் ஐரோப்பிய வம்சத்தவர்கள். அதில் பழகிய மெஷின் நம்மை எப்படிச் சரியாகக் கணிக்கும்? டேட்டா நிறைய இருந்தாலும் எதை அளக்கிறோம் என்பதில் கோளாறு வரலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல ஒரு கணினி முறை வைத்திருந்தார்கள். அது நோயின் கடுமையைப் பார்க்கவில்லை, ஒருவருக்கு ஆன மருத்துவச் செலவைப் பார்த்தது. கறுப்பின மக்களுக்குச் செலவழிக்கப்பட்டதே குறைவு. அதனால் அவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டது! 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். செலவு பண்ண வசதி இல்லாதவன் நோயாளியே இல்லை என்பது எப்படிப்பட்ட கணக்கு பாருங்க. எங்க தெருவில் அந்தக் கணக்குப் போட்டால் எல்லோரும் பூரண ஆரோக்கியம்தான்.

நல்ல உதாரணமும் இருக்கு, அதுவும் நம்ம பக்கத்திலேயே. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் கணினி முறையை கூகுள் 2016-ல் வெளியிட்டது. சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா படங்களும் அதில் சேர்ந்திருந்தன. மதுரைக்குக் கண் காட்ட வந்தவர்களின் கண்களும் அந்த மெஷினுக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன! மரபணுவிலும் ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 இந்தியர்களின் தொகுப்பைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நம்மைச் சேர்த்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ரத்தத்திலேயே சாட்சி உண்டு. 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் கூட்டாளிகளும் ஒரு வகையைக் கண்டார்கள். சாதாரண சோதனையில் ஓ மாதிரி தெரியும். ஆனால் ஓ ரத்தம் கொடுத்தால்கூடத் திரிந்துவிடும்! பாம்பே குரூப் என்று இன்றும் உலகமே அதை அழைக்கிறது. ஐரோப்பாவில் மிக மிக அபூர்வம். வியன்னாவில் எத்தனை வருஷம் உட்கார்ந்து தேடினாலும் அகப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி லாண்ட்ஸ்டைனரின் கடைசிக் கண்டுபிடிப்பு. எனக்கு மிக நெருக்கமானதும் இதுதான். 1939-ல் பணி ஓய்வு கொடுத்தும் அவர் லேபை விடவில்லை. 1940-ல் அலெக்சாண்டர் வீனரோடு சேர்ந்து ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து ஆர்.எச். என்ற காரணியை வெளியிட்டார். நம்ம அட்டையில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் இதுதான். நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கொஞ்சம் கலந்துவிடும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தாயின் உடம்பு எதிர்ப்புச் சரக்கைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்தது பாசிட்டிவ் குழந்தை என்றால் அந்தச் சரக்கு உள்ளேயே போய் அதன் ரத்தத்தை அழிக்கும். முதல் பிரசவம் முடிந்து மூன்று நாளுக்குள் ஒரு ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1968-லிருந்தே அந்த ஊசி இருக்கிறது.

எங்க பெரியம்மாவுக்கு முதல் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போச்சு, ஒன்று மஞ்சள் பூத்து மூணாம் நாள் போச்சு. ஊரில் என்னென்ன பேசினார்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. காது குத்து, வளைகாப்பு என்றால் பெரியம்மா தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வாங்க. அவங்க நெகட்டிவ் குரூப் என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தது. முதல் பிரசவத்தில் யாரோ எழுதிய சீட்டு. ஊசி போடணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் படித்துப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவங்களிடம் ஒரு பேப்பரில் கூட்டல், கழித்தல் போட்டு விளக்கினேன். அவங்க ராசியும் இல்லை, எந்தப் பாவமும் இல்லை, ரத்தத்தில் ஒரு குறி மாறியிருக்கு, அவ்வளவுதான் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பேப்பரை மடித்து வாங்கி வைத்துக்கொண்டாங்க. அக்கா இப்போ மாசமா இருக்கு, அதுக்கு என்ன குரூப்னு கேட்டுச் சொல்லு என்றாங்க.

லாண்ட்ஸ்டைனர் புகழ், விருந்து, கூட்டம் எல்லாவற்றிலிருந்தும் விலகி இருந்தவர். நன்றாக பியானோ வாசிப்பாராம். கடைசி வருஷங்களில் மனைவிக்குத் தைராய்டு புற்றுநோய். தன் பெரிய புத்தகத்தின் புதிய பதிப்பையும் திருத்திக்கொண்டிருந்தார். 1943 ஜூன் 24 அன்று லேபில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. கையில் பிப்பெட் இருந்தது. இரண்டு நாள் கழித்து, 26-ந் தேதி, அந்த நிறுவனத்தின் மருத்துவமனையிலேயே உயிர் பிரிந்தது. வயது 75. புத்தகம் 1945-ல் வந்தது. 2004-லிருந்து அவர் பிறந்த ஜூன் 14 உலக ரத்த தான நாளாக இருக்கிறது.